நாற்பத்து மூன்று வாத்துகள்

அத்தியாயம் 4

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்க வேண்டும் என்பது மச்சினனின் நீண்ட நாள் லட்சியம். அந்த லட்சியம் அன்றைக்கும் மண்ணைக் கவ்வியது. ஒன்பது மணிக்கெல்லாம் அழைப்பு மணி அடித்தது.

தெருவே ‘ப்ரூஃப் சார்’ என்று அழைக்கும் அவனுடைய அக்கா கணவர் கதவைத் திறந்தார். முப்பது வருடம் ஒரு பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. வீட்டு மாடி அறையில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்துவிட்டார். உதவியாளருக்கு விளம்பரம் எதுவும் கொடுக்கவில்லை. அக்கா தன் தம்பியைக் கை காட்டினாள், வேலை உறுதியாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை மச்சினனுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

வந்தவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுக்கும் டீச்சர். கையில் தலையணை பருமனுக்கு ஒரு ஃபைல். அழுது முடித்த கண்கள்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு எனக்கு வைவா சார். ஏழு வருஷமா டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றேன். ரெண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கியாச்சு. நாளைக்குத் திருப்பி அனுப்பிட்டா அவ்வளவுதான், என் பதிவே ரத்தாயிடும்.”

“என்ன தலைப்பு?”

“இந்த ஊரோட தபால் வரலாறு.”

“பிரச்சினை?”

“வாத்து.”

மச்சினன் பேப்பரை மடித்து வைத்தான். வாத்து என்றால் பேப்பரை மடித்து வைக்கலாம்.

டீச்சர் ஃபைலைத் திறந்து மூன்றாம் அத்தியாயத்தைக் காட்டினார். கால்வாய்க்குப் பாலம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடிதம் கொண்டுபோனவை வாத்துகளாம். கழுத்தில் ஒரு தகரக் குழாய், குழாய்க்குள் கடிதம். பதினேழு மாதம் இப்படி நடந்ததாம். ஒரு கடிதம்கூட நனையவில்லையாம்.

அதன்மேல் ஒரு சின்னத் தாள் குத்தப்பட்டிருந்தது. தேர்வாளர் வெளியூர்க்காரர் இல்லை, பக்கத்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்தான். அவர் கையெழுத்தில் ஒரே வரி: ‘எனக்கு ஒரு வாத்தையாவது காட்டவும்.’

“உயிரோடயா, படமா?” என்றான் மச்சினன்.

“அவன் பேசுறதைக் காதுல போட்டுக்காதீங்க டீச்சர். எத்தனை ஆதாரம் கொடுத்திருக்கீங்க?”

“அறுபத்தொண்ணு சார். எல்லாமே இணையதளங்கள். ராத்திரி பகலா தேடி எடுத்தது. அறுபத்தோரு பேர் சொல்றது பொய்யா இருக்குமா சார்?”

“அறுபத்தோரு பேர் சொன்னாங்களா, இல்ல ஒருத்தர் சொன்னதை அறுபது பேர் திருப்பிச் சொன்னாங்களா? அதை முதல்ல பார்க்கணும்.”

டீச்சரின் முகம் வெளுத்தது. “சார், எங்க வீட்டுக்காரர் ‘டாக்டர்’னு போட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகையே செஞ்சுட்டார். துணி போட்டு மூடி வெச்சிருக்கார்.”

ப்ரூஃப் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம். மச்சினன் உடனே தன் பங்குக்குக் காரியத்தில் இறங்கினான். போனை எடுத்து நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒரு வரி போட்டான்: ‘வாத்துத் தபால் வழக்கு, பிரபல துப்பறியும் நிறுவனத்தின் கையில்.’ பிரபல என்பது அவனுடைய சொந்தச் சரக்கு.

அடுத்த ஒரு மணி நேரம் மாடி அறையில் துணி காயப்போடும் கொடி குறுக்கும் நெடுக்குமாக ஏறியது. அறுபத்தோரு பக்கங்களையும் அச்செடுத்து, கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, துவைத்த துணியைத் தன் தலையிலா காயப்போடுவது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

“டீச்சர், ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி படிங்க. எது வேணும்னாலும்.”

டீச்சர் ஆறு தாள்களைப் படித்தார். ஏழாவதில் குரல் தடுமாறியது. “சார், எல்லாத்துலயும் இந்த வரி இருக்கு. ‘திங்கட்கிழமைகளில் மட்டும் வாத்துகள் தாமதமாக வந்தன.’ ஒரு வார்த்தை மாறலை.”

“அறுபத்தோரு சாட்சி ஒரே மூச்சுல ஒரே வாக்கியம் சொன்னா அது சாட்சி இல்ல அத்தான்,” என்றான் மச்சினன். “பள்ளிக்கூடத்துல எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்ற மாதிரி.”

“முதல் தடவையா உருப்படியா பேசியிருக்க. இப்ப யாரு யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு ஒவ்வொரு தாளோட அடியிலயும் பாருங்க.”

பார்த்தார்கள். முதல் தளம் எட்டாவதைக் கை காட்டியது. எட்டாவது இருபதாவதைக் காட்டியது. இருபதாவது, கூச்சமே இல்லாமல், முதல் தளத்தைக் காட்டியது. இப்படி முப்பது தளங்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாக நின்றன. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முப்பதையும் அவர் அடிக்குறிப்பில் வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தார்.

“எது முதல்ல எழுதினதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது? பக்கத்துல இருக்கிற தேதியை யார் வேணும்னாலும் மாத்தலாமே.”

“தேதியை விடுங்க. வாத்தை எண்ணுங்க.”

“என்னது?”

“முப்பது வருஷம் பார்த்திருக்கேன். காப்பி அடிக்கிறவன் எதையும் குறைக்க மாட்டான். போற போக்குல கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவான். எது பழசோ அதுல வாத்து கம்மியா இருக்கும்.”

மச்சினன் கொடிக் கொடியாக ஓடினான். முதல் கொடியின் ஓரத்தில் நாலாயிரம் வாத்துகள் இருந்தன. அங்கே வாத்துகளுக்குத் தொப்பியும் ஓய்வூதியமும்கூடக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஆயிரத்து இருநூறு. அதற்கும் முன்னால் நானூறு. அப்புறம் நூற்றைம்பது. கடைசிக் கொடியின் கடைசிக் கிளிப்பில் நாற்பத்து மூன்று. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

“இது ரொம்ப நம்பிக்கையான தளம் சார்,” என்றார் டீச்சர், கொஞ்சம் உயிர் வந்தவராக. “சர்வதேச தபால் வரலாற்று ஆய்வு மையம். உலக உருண்டை படம் போட்டிருக்கு. மூணு பேர் கொண்ட நிபுணர் குழு இருக்கு. எழுத்தெல்லாம் அவ்வளவு நறுவிசு.”

“விலாசம் இருக்கா?”

இருந்தது. நாலு தெரு தள்ளி. நடந்தே போகலாம்.

நடக்கும்போது மச்சினனின் போன் சிணுங்கியது. பார்த்தவன் திருதிருவென விழித்தான். போனை மறைக்கத்தான் பார்த்தான், ஆனால் ப்ரூஃப் சார் நீட்டிய கைக்கு எதிராக அந்தக் குடும்பத்தில் யாரும் ஜெயித்ததில்லை. அறுபத்திரண்டாவது தளம் ஒன்று பிறந்திருந்தது. ‘வாத்துத் தபால் உண்மையே: பிரபல துப்பறியும் நிறுவனம் உறுதி. ஐயாயிரம் வாத்துகள்.’

“நான் ‘கையில்’னு மட்டும்தான் போட்டேன் அத்தான்.”

“காலையில ஒன்பதரைக்குப் போட்ட. பதினொண்ணரைக்கு ஆயிரம் வாத்து கூடியிருக்கு. உன் கையில இருந்தா கோழிகூட முட்டை போடாது, வாத்து மட்டும் எப்படிடா குட்டி போடுது?”

மச்சினன் அசடு வழிந்தான். போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு இரண்டு அடி பின்னாலேயே நடந்தான்.

சர்வதேச தபால் வரலாற்று ஆய்வு மையம் ஒரு லாண்டரிக் கடையாக இருந்தது. கதவு எண் சரி, தெரு சரி. உள்ளே ஆவி பறக்க ஒருவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். பின்சுவரில் துணி மூட்டைகள். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன் மேல் உலக உருண்டைப் படம்.

“மையத்தோட இயக்குநரைப் பார்க்கணும்,” என்றார் ப்ரூஃப் சார்.

“நான்தான்,” என்றார் லாண்டரிக்காரர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. ஒளிப்பதற்கு எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. “நிபுணர் குழுவுல ரெண்டாவது என் சம்சாரம். மூணாவது படம் கம்ப்யூட்டர்லயே இருந்தது.”

டீச்சர் வெளியே போய்க் கதவு எண்ணை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

“ஏன் இப்படி ஒரு பேரு?” என்று கேட்டான் மச்சினன்.

“லாண்டரிக்காரன் சொன்னா யாரு சார் கேப்பா? நான் தொழில்ல ஒண்ணு பார்த்திருக்கேன். சட்டை கசங்காம இருந்தா உள்ளே இருக்கிற ஆளை யாரும் ஒண்ணும் கேக்கிறதில்ல. தளத்துக்கும் அப்படியே நல்லா தேய்ச்சு விட்டேன்.”

ப்ரூஃப் சார் தன் சட்டையை ஒரு தடவை இழுத்து நேராக்கிக்கொண்டார். பிறகு கேட்டார். “வாத்து நாற்பத்து மூணுன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். கிடைச்ச பேப்பர்ல ஒரு வாத்துதான் இருந்தது. ஒரு வாத்துக்கு எவன் சார் நின்னு படிப்பான்? ஐம்பதுன்னு போடலாம்னு பார்த்தேன். ஐம்பதுன்னா கண்ணை மூடிக்கிட்டு அடிச்சு விட்டதுன்னு தெரிஞ்சுடும். நாற்பத்து மூணுன்னா யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்காங்கன்னு நினைப்பாங்க.”

“சரி, நாற்பத்து ஒண்ணுன்னு போட்டிருக்கலாமே?”

“அந்தப் பேப்பர் இருந்த சட்டையோட நம்பர் நாற்பத்து மூணு.”

ப்ரூஃப் சாரின் மூக்குக்கண்ணாடி தானாகவே நுனிக்கு இறங்கியது. “பேப்பர் சட்டையில இருந்ததா?”

“பாக்கெட்ல. பதினாலு வருஷம் ஆச்சு. பார்க்காம தண்ணியில போட்டுட்டேன். மேல் பாதி கூழாப் போச்சு. கீழ் பாதியைக் காய வெச்சு எடுத்தேன். பாதிப் பேப்பரை எந்த முகத்தோட திருப்பிக் கொடுக்கிறதுன்னு நானே வெச்சுக்கிட்டேன். பாக்கெட்ல கிடைக்கிறதை நாங்க தூக்கிப் போடறதில்ல சார், அதான் கடை வழக்கம்.”

அவர் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். சாவிகள், பொத்தான்கள், ஒரு பல் செட், ஒரு காதல் கடிதம். எல்லாவற்றுக்கும் அடியில் பாதித் தாள் ஒன்று, மஞ்சளாக. கதை முழுக்க ஒரு கடிதம்கூட நனையவில்லை. நனைந்தது இது ஒன்றுதான்.

டீச்சர் வாங்கிப் படித்தார். தகரக் குழாய் இருந்தது. பதினேழு மாதம் இருந்தது. திங்கட்கிழமைத் தாமதமும் இருந்தது. வாத்து ஒன்றே ஒன்றுதான். கடைசியில் ஒரு வரி: ‘அடுத்த இதழில்: தந்தி கொண்டுபோன ஆமை.’

“இந்த வரியை ஏன் விட்டுட்டீங்க?” என்றார் டீச்சர். ஏழு வருடமும் அந்தக் கேள்வியில் இருந்தது.

“ஆமை நம்புற மாதிரி இல்லையேம்மா.”

மச்சினன் சிரிக்க வாயெடுத்தான். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவனுக்கே பாவமாகத்தான் இருந்தது.

ப்ரூஃப் சார் தாளைப் பார்க்கவில்லை. லாண்டரிக்காரரின் பலகையில் பாதி தேய்த்துக் கிடந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் காலரைத் திருப்பினார். உள்பக்கம் சிவப்பு நூலில் தைத்த எண்: 43.

“இந்த நம்பர் மாறவே மாறாதா?”

“ஒரு ஆளுக்கு ஒரு நம்பர் சார், கடைசி வரைக்கும். இது பேராசிரியர் சார் சட்டை. இருபது வருஷமா நம்மகிட்டதான். நாளைக்கு ஏதோ வைவாவாம். கஞ்சி கொஞ்சம் கூடுதலாப் போடச் சொன்னார்.”

டீச்சர் பக்கத்திலிருந்த அழுக்கு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

ப்ரூஃப் சார் ஃபைலிலிருந்து தேர்வாளரின் சின்னத் தாளை எடுத்து மஞ்சள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ‘வாத்து’ என்ற வார்த்தையின் துணைக்கால் தூண்டில் முள் மாதிரி கீழே வளைந்து தொங்கியது. துணைக்காலை அப்படி எழுதும் இன்னொரு ஆளை முப்பது வருடத்தில் அவர் பார்த்ததே இல்லை.

“வாத்தைக் காட்டுன்னு கேட்டவரே வாத்தை விட்டவரா?” என்றான் மச்சினன்.

வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். தாள் டீச்சரின் கையில் இருந்தது. லாண்டரிக்காரர் அதை ஒரு புதுச் சட்டைப் பெட்டியில் வைத்து மரியாதையாகக் கொடுத்திருந்தார்.

“இதை எடுத்து நீட்டினா அத்தனை பேர் முன்னாடி அவருக்கு அவமானம். கோவத்துல திருப்பி அனுப்பிடுவார்,” என்றார் டீச்சர். “நீட்டலேன்னா வாத்து எங்கேன்னு கேப்பார். நான் என்ன சார் பண்ணட்டும்?”

“கண்டதைச் சொல்லுங்க டீச்சர். காணாததைச் சொல்லாதீங்க. மிச்சத்தை அவர்கிட்ட விட்டுடுங்க.”

“அது வேலைக்காகுமா?”

“தெரியாது,” என்றார் ப்ரூஃப் சார். தெரியாது என்று அவர் சொல்லி மச்சினன் கேட்டது அதுதான் முதல் தடவை. 

திங்கட்கிழமை பதினோரு மணி. கருத்தரங்க அறையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதால் பின்வரிசையில் ப்ரூஃப் சாரும் மச்சினனும் இருந்தார்கள். டீச்சரின் கணவர் முன்வரிசையில், மடியில் ஒரு பூங்கொத்துடன், அதைவிட வாடிப்போய். மேடையில் துறைத் தலைவர். அவருக்குப் பக்கத்தில் பேராசிரியர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், திரும்பினால் சத்தம் வரும் அளவுக்கு விறைப்பாக.

முதல் இரண்டு அத்தியாயங்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. பேராசிரியர் பக்கத்தைத் திருப்பினார்.

“மூணாவது. வாத்து எங்கே?”

“இல்லைங்க ஐயா,” என்றார் டீச்சர். குறிப்புத் தாளை மூடி வைத்தார். “வாத்தே இல்லை. அறுபத்தோரு ஆதாரம் கொடுத்தேன். அறுபத்தொண்ணும் ஒண்ணுதான். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துட்டேன். அது என் தப்பு. ஆனா அந்த ஒண்ணு எங்கேயிருந்து வந்ததுன்னு நேத்து கண்டுபிடிச்சேன். காட்டலாமா?”

சட்டைப் பெட்டி மேசைக்குப் போனது. பேராசிரியர் மூடியைத் திறந்தார்.  அவர் படித்தார். மறுபடி படித்தார். கஞ்சி போட்ட சட்டைக்குள் ஆள் கொஞ்சம் சின்னதாகிப் போனார்.

“என்ன அது? யார் எழுதினது?” என்று எட்டிப் பார்த்தார் துறைத் தலைவர்.

டீச்சர் பேராசிரியரைப் பார்த்தார். “எழுதினவரே சொன்னாத்தான் ஐயா அது ஆதாரம். நான் சொன்னா அது அறுபத்து மூணாவது தளம்.”

பின்வரிசையில் ப்ரூஃப் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். டீச்சரின் கணவர் பூங்கொத்தின் தண்டை முறித்தார்.

“நான்தான்,” என்றார் பேராசிரியர்.

துறைத் தலைவருக்குப் புரியவில்லை. பேராசிரியர் மஞ்சள் தாளைப் பார்த்தபடியே பேசினார்.

“இருபத்திரண்டு வயசுல தபால் பிரிக்கிற இடத்துல தற்காலிகமா இருந்தேன். ஊழியர் மன்றத்துல ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அதுல சிரிப்பு மூலைன்னு ஒரு பக்கம். அந்த மாசம் எழுத ஆள் இல்லைன்னு நான் எழுதினேன். ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு நண்பரோட பிரிவு விழாவுல வாசிக்கலாம்னு அந்தப் பக்கத்தைப் பாக்கெட்ல வெச்சேன். அப்புறம் காணோம். ஒரு வருஷத்துல ஊரெல்லாம் வாத்து.”

“நீங்க மறுத்திருக்கலாமே?” என்றார் துறைத் தலைவர்.

“மறுத்தேன். திருத்தம் எழுதி அனுப்பினேன். ஆதாரம் இல்லைன்னு நீக்கிட்டாங்க. எழுதினதே நான்தான்யான்னு சொன்னேன். அறுபது தளம் சொல்லுது, நீங்க ஒருத்தர் சொல்றதை எப்படி ஏத்துக்கிறதுன்னு கேட்டாங்க.” அவர் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. “அப்புறம் வாத்தோட வர்ற மாணவங்களை மட்டும் பிடிச்சுக்கிட்டேன். இதுக்கு முன்னாடி மூணு பேர். மூணு பேரும் மறுபடி அதே தளங்களையே காட்டினாங்க. முதல் தளத்துலயே விலாசம் இருக்கு, ஒருத்தர்கூட அந்த லாண்டரிக்குப் போகலை. நானும் வாயைத் திறக்கலை. வெக்கம்.”

துறைத் தலைவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். பேராசிரியரும் பார்த்தார்.

“இன்னைக்குத் திங்கட்கிழமை இல்லையா? திங்கட்கிழமைகள்ல அது தாமதமாத்தான் வரும்.”

இந்தத் தடவை சிரிப்பு சரியாக வந்தது. அறையே சிரித்தது. டீச்சர் மட்டும் அழுதார், அவருடைய கணவரும் கூடவே.

ஒரு மாதத்தில் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தித் தர வேண்டும், ஒரு வாத்து எப்படி நாலாயிரம் ஆனது என்று எழுத வேண்டும், பட்டத்துக்குப் பரிந்துரை. பேராசிரியர் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் தூண்டில் முள் தொங்கும் எழுத்தில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டு வாசித்தார்: ‘வாத்து காட்டப்பட்டது.’

மச்சினனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாழ்வாரத்துக்கு ஓடினான். பெயர்ப்பலகையின் துணியை எடுக்கும்போது எல்லாரும் வரணும் என்று டீச்சர் அழைத்துக்கொண்டிருக்க, அவன் ஒரு கையால் தலையாட்டிக்கொண்டே மறு கையால் போனைத் தட்டினான்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் போன் சிணுங்கியது. மச்சினன் பார்த்தான், தெருவோரச் சுவரை ஒட்டி நின்றுவிட்டான். ப்ரூஃப் சார் கையை நீட்டினார்.

‘வாத்து காட்டப்பட்டது: பேராசிரியரே கையெழுத்திட்டு ஒப்புதல். ஆறாயிரம் வாத்துகள். தந்தி ஆமைகளும் இருந்திருக்கலாம் என நிபுணர்கள் கருத்து.’

“நான் அறிக்கையோட கடைசி வரியையும் பழைய தாளோட கடைசி வரியையும் மட்டும்தான் அத்தான் போட்டேன்.”

ப்ரூஃப் சார் திட்டவில்லை. போனை அணைத்துத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, பொத்தானையும் மாட்டினார்.

“மாப்ள, இந்தச் சட்டையை நாளைக்கு லாண்டரியில கொடுத்துடு. பாக்கெட்டைப் பார்க்க வேண்டாம்னு சொல்லு.”